விண்வெளி கேமில் எல்லாரும் சுரங்கத்திலேயே கிடந்தால் எதை மாற்றுவது?

சுங்கை சிப்புட் தம்பி ஒருவரின் கேள்வி இது. அவரும் கூடப் படிக்கிற மூன்று பேரும் சேர்ந்து ஓர் ஆன்லைன் விண்வெளி கேம் செய்திருக்கிறார்கள். நூற்றுச் சொச்சம் பேர் விளையாடிப் பார்க்கிறார்கள், பாதிப் பேர் நம்ம ஊர் தாமான் பிள்ளைகள். பணம் சம்பாதிக்க நான்கு வழி: விண்கல் சுரங்கம், சரக்கு ஏற்றிப் போய் விற்பது, கொள்ளைக்காரர்களைச் சுட்டுப் பரிசுப்பணம் வாங்குவது, புதுக் கிரகங்களை ஸ்கேன் செய்து தகவலை விற்பது. ஆட்கள் சுரங்கத்தை விட்டு நகரவே மாட்டேன் என்கிறார்கள். "சுரங்க வருமானத்தைக் குறைத்தோம், கோபித்துக்கொண்டு பாதிப் பேர் வரவில்லை. பழையபடி ஆக்கிவிட்டுப் பரிசுப்பணத்தை ஏற்றினோம். இப்போது எல்லார் கையிலும் பணம், எந்தக் கப்பலுக்கும் மதிப்பில்லை. பேசாமல் நான்கிலும் மணிக்கு ஒரே வருமானம் வருகிற மாதிரி வைத்துவிடலாமா அண்ணே?"

வேண்டாம் தம்பி. அந்தக் கணக்கு தாளில் அழகாக இருக்கும், சர்வரில் நிற்காது. நான்கும் ஒரே வருமானம் தந்தால், உடம்பு நோகாத வழி எதுவோ அங்கேதான் கூட்டம் கூடும். உங்கள் கேமில் அது சுரங்கம். லேசரை முடுக்கிவிட்டு மீ கோரெங் சாப்பிடலாம். கொள்ளைக்காரனோடு சண்டை போடும்போது சாப்பிட முடியுமா?

செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர் உங்கள் வீட்டில் யாராவது இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். இளம் மரத்துக் குலையை நின்ற இடத்திலிருந்து உளியால் குத்தித் தள்ளிவிடலாம். வயசான மரத்துக்கு நீளக் கழியின் நுனியில் அரிவாளை மாட்டி, அண்ணாந்து பார்த்து இழுக்க வேண்டும், குலை தலையில் விழாமல் ஒதுங்கவும் வேண்டும். அதனால்தான் உயர மரத்துக்குக் கூலி கூட. உதிர்ந்த பழம் பொறுக்குவதற்குத் தனிக் கணக்கு. எல்லா நிரைக்கும் ஒரே கூலி என்றால் உயர மரத்துப் பக்கம் மண்டோர் விரட்டினால்தான் ஆள் போவார்கள். உங்கள் கேமில் மண்டோர் கிடையாது.

சரி, எங்கே ஆரம்பிப்பது? நான்கு வழிகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கேள்வியை மட்டும் போடுங்கள்: இந்தப் பணம் யார் பையிலிருந்து வருகிறது? ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி கேமில் பல வருஷம் கிடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எந்த எண்ணையும் தொடக்கூடாது.

பரிசுப்பணம் சர்வர் அச்சடிக்கிற புதுப் பணம். ஸ்கேன் தகவலைக் கேமே வாங்கிக்கொள்கிறது என்றால் அதுவும் புதுப் பணம். சுரங்கத்தில் வருவது கனிமம், பணமில்லை. அதை இன்னொரு விளையாட்டாளர் வாங்கினால் அவர் பையிலிருந்து இவர் பைக்குப் பணம் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் கேமில் நிலையமே கனிமத்தை நிரந்தர விலைக்கு வாங்கிக்கொள்கிறது போலிருக்கிறது. அப்படியானால் பெயர்தான் சுரங்கம், நடப்பது நோட்டு அச்சடிப்பு. நான்கில் மூன்று அச்சகம் வைத்துக்கொண்டு விலைவாசி ஏறுகிறதே என்றால் ஏறத்தான் செய்யும்.

2003-இல் ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் வெளியிட்ட ஈவில் சுரங்கக்காரன் தோண்டும் டிரிட்டானியம் என்ற கனிமம் ஜிட்டா என்ற பெரிய சந்தைக்குப் போகிறது, கப்பல் கட்டுகிறவன் வாங்குகிறான். தோண்டுகிற ஆள் கூடினால் விலை இறங்கும், சிலர் அலுத்துப்போய் வேறு வேலைக்குப் போவார்கள், விலை மறுபடி ஏறும். நிறுவனம் கையை வைக்கவே தேவையில்லை. கேம் தானே ஒரு நிரந்தர விலையைப் போட்டுக் குறுக்கே நின்ற இடங்களில்தான் சந்தை கோணலாகிப் போனது. அதில் மூன்று கதை உங்களுக்கு உதவும்.

முதலாவது, ஷட்டில் என்ற குட்டிக் கப்பல். ஒரு காலத்தில் அதைக் கேமே நிரந்தர விலைக்கு விற்றது. உருக்கினால் டிரிட்டானியம் கிடைக்கும். சந்தையில் டிரிட்டானியம் கொஞ்சம் விலை ஏறியதும் ஷட்டிலை வாங்கி உருக்கிவிடுவார்கள். ஆக, கனிமத்துக்கு ஒரு விலை உச்சவரம்பு இருந்தது. யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த வரம்பு அது கிடையாது.

இரண்டாவது, காப்பீடு. கப்பல் வெடித்தால் கிடைக்கும் தொகை ஆதியில் போட்ட நிரந்தரக் கணக்குப்படி இருந்தது. கனிமம் மலிந்த காலத்தில், கப்பலைக் கட்டித் தானே வெடிக்கவைத்தால் லாபம் என்ற நிலை வந்தது. வேலையாகவே அதைச் செய்தார்கள். 2010-இல்தான் காப்பீட்டுத் தொகையைச் சந்தை விலையோடு கட்டினார்கள். இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். கப்பல் வெடித்தால் பணம் அழிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அழிவது பொருள். காப்பீடு கொடுத்தால் பணம் கூடத்தான் செய்கிறது. உங்கள் கேமிலும் நிறையச் சண்டை நடந்தால் பணவீக்கம் தானாக அடங்கும் என்று நம்பியிருக்கலாம், அது நடக்காது.

மூன்றாவது, ட்ரோன்கள். ஈவில் சில பகுதிகளில் எதிரி ட்ரோன்களைச் சுட்டால் பரிசுப்பணத்துக்குப் பதில் உலோகக் கலவை கிடைக்கும், உருக்கினால் கனிமம். துப்பாக்கி பிடித்தவனே கனிமத்தையும் கொட்டினால் சுரங்கக்காரன் பிழைப்பு என்னாவது? 2012-இல் கலவையை எடுத்துவிட்டுப் பரிசுப்பணம் வைத்தார்கள். சுரங்கக்காரனுக்கு மூச்சு வந்தது, ஆனால் சர்வரில் புதுப் பணம் வரும் வாசல் இன்னும் ஒன்று திறந்தது. ஒரு வழியைச் சரிசெய்கிறேன் என்று கிளம்பினால் இன்னொரு பக்கம் இப்படித்தான் பிதுங்கும். இதையெல்லாம் கண்காணிக்க 2007-இலேயே எயோல்ஃபுர் குவுமுண்ட்சன் என்ற பொருளாதாரப் பேராசிரியரைச் சிசிபி சம்பளத்துக்கு வைத்தது. இப்போதும் எத்தனை ஐஎஸ்கே எந்த வழியில் உருவானது, எந்த வழியில் அழிந்தது என்று மாத அறிக்கை போடுகிறார்கள். ஐஎஸ்கே என்பது ஈவின் காசு. அந்த அறிக்கையைத் தேடி எடுத்துப் பாருங்கள். உங்கள் லாக், அதாவது சர்வர் பதிவு, எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

அதே கேமில் எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு விசுவாசப் புள்ளிக் கடை. மிஷன் செய்தால் கொஞ்சம் காசு வரும், கூடவே புள்ளிகளும் வரும். புள்ளியைக் கடையில் கொடுத்துப் பொருள் வாங்கும்போது மேலே கொஞ்சம் காசும் கட்ட வேண்டும். அந்தக் காசு அழிந்துபோகிறது. வாங்கிய பொருளைச் சந்தையில் விற்று மிஷன்காரன் சம்பாதிக்கிறான். எல்லாரும் ஒரே பொருளை எடுத்துக் கொட்டினால் அதன் விலை படுத்துவிடும், அடுத்த ஆள் வேறு பொருளைப் பார்ப்பான். ஒரே ஏற்பாட்டில் வருமானமும் கிடைக்கிறது, பணமும் வடிகிறது, கூட்டமும் தானாகக் கலைகிறது. உங்கள் ஸ்கேன் வேலைக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: தகவலுக்குப் பாதி காசு, பாதி புள்ளி.

அடுத்து, மணிக்கு எவ்வளவு என்ற கணக்கு. அதைப் போடுவதாக இருந்தால் நட்டத்தையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு உதாரணம், எண்கள் என் கற்பனை. சரக்குக்காரன் மணிக்கு மூன்று நடை அடிக்கிறான், 1.2 மில்லியன் லாபம். சுரங்கக்காரனுக்கு 0.8 மில்லியன். பார்த்தால் சரக்குதான் மேல். ஆனால் பத்து நடைக்கு ஒரு நடை கொள்ளைக்காரனிடம் மாட்டுகிறது, கப்பலும் சரக்கும் சேர்த்து 6 மில்லியன் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நடைக்கு எதிர்பார்க்கும் நட்டம் 1.8 மில்லியன். மணிக்கு 0.6 மில்லியன் கையை விட்டுப் போகிறது. பிள்ளைகள் இந்தக் கணக்கைப் பேனா பிடித்துப் போடுவதில்லை, ஆனால் இரண்டு தரம் கப்பல் போனதும் சுரங்கத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். கணக்கு சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

அதே வழியில் கெட்டிக்காரன் ஒருவன் வரைபடத்தைப் பார்த்து, ஆள் நடமாட்டம் பார்த்து, சுற்றுவழியில் போய் ஐம்பது நடைக்கு ஒன்றுதான் இழக்கிறான் என்றால் நட்டம் 0.36 மில்லியன். மிச்சம் 0.84. சுரங்கத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. இவனுக்கு இன்னும் தூக்கிக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. புதுசாக வந்தவனுக்கும் தேர்ந்தவனுக்கும் வருமானத்தில் நல்ல இடைவெளி இருக்கிற வழியைத்தான் ஆட்கள் கற்றுக்கொள்ள நினைப்பார்கள். சுரங்கத்தில் அந்த இடைவெளி சின்னதாக இருக்கட்டும், அலுத்து வந்து உட்காருகிறவனுக்கும் ஒரு இடம் வேண்டும். எலீட் டேஞ்சரஸ் என்ற இன்னொரு விண்வெளி கேமில் கப்பல் போனால் அதன் விலையில் 5 சதவீதம் கட்டித் திரும்ப வாங்கலாம், சரக்கு போனது போனதுதான். நட்டம் வலிக்கிறது, ஆனால் ஆளை ஒரேயடியாக விரட்டாது. உங்களுக்கும் அந்த அளவு போதும்.

ஆபத்தைக் கூட்டினால் கூட்டம் தானாகப் பிரியும் என்று நினைக்காதீர்கள். 2019 ஜூலையில் ஈவின் சட்டமற்ற பகுதிகளில் யார் யார் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியலை எடுத்துவிட்டார்கள். இருட்டில் நிற்கப் பயந்தவர்கள் யாரும் வீரர்களாக மாறவில்லை. லாகின் செய்வதைக் குறைத்துக்கொண்டார்கள். செப்டம்பரில் பட்டியல் திரும்ப வந்தது.

கவனம் எவ்வளவு தேவை என்பதுதான் சம்பளத்தைத் தீர்மானிக்க வேண்டும். ஈவில் ரோர்குவல் என்ற பெரிய சுரங்கக் கப்பலை 2016 கடைசியில் பலப்படுத்தினார்கள். ட்ரோன்களை ஏவிவிட்டு அவ்வப்போது எட்டிப் பார்த்தால் போதும், ஒரே ஆள் பல அக்கவுண்டில் பல ரோர்குவல் வைத்திருப்பான். கனிமம் மலை மலையாகக் குவிந்தது. ஒவ்வொரு பேட்ச்சிலும், அதாவது கேமுக்குப் போடும் திருத்தத்திலும், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்த்தார்கள், அடங்கவில்லை. 2020-இல் கனிமங்களையே பகுதி பகுதியாகப் பிரித்து, சில இடங்களில் சுத்தமாக எடுத்து, பற்றாக்குறைக் காலம் என்று பெயர் வைக்கிற அளவுக்குப் போக வேண்டியிருந்தது. நீங்கள் இப்போதே செய்யக்கூடியது சின்ன வேலை. லேசர் தானாக ஓடினால் சாதாரண வேகம். கல்லின் பிளவு தெரியும் நேரம் பார்த்துக் குறி வைத்தால் ஒன்றரை மடங்கு. சாப்பிட்டுக்கொண்டே தோண்டுகிறவன் கோபித்துக்கொள்ள மாட்டான், அவனிடமிருந்து எதையும் பிடுங்கவில்லையே.

நம்ம பக்கத்து ஆட்களுக்கு மட்டும் உடனே புரிகிற ஒன்று: நேரம். ஈவ் சர்வர் தினமும் உலகப் பொது நேரம் (யுடிசி) 11:00 மணிக்கு மூடித் திறக்கும். நமக்கு அது ராத்திரி ஏழு மணி. விண்கல் பட்டைகள், அதாவது கல் கூட்டமாக மிதக்கிற இடங்கள், அந்த மூடலின்போதுதான் நிறையும். வேலை முடிந்து, குளித்து, பசியாறிவிட்டு உட்கார்ந்தால் மலேசியக்காரனுக்குக் கல் முழுசாகக் காத்திருக்கும். மறுநாள் அமெரிக்காவில் ஒருவன் உட்காரும்போது வழித்தெடுத்த பட்டைதான். ஒரே கேம், ஒரே கப்பல், ஒரே திறமை. வருமானம் மட்டும் ஊர் நேரத்தைப் பொறுத்து மாறுகிறது. பனிக்கட்டிப் பட்டைகளை 2013-இல் மாற்றி, தீர்ந்து நான்கு மணி நேரம் கழித்து மறுபடி வருகிற மாதிரி வைத்தார்கள். அது எவ்வளவோ நியாயம். உங்கள் கேமில் பட்டைகள் எப்போது நிறைகின்றன? நள்ளிரவு பன்னிரண்டுக்கு என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால், மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக் கிடைப்பது மிச்சம்தான். தீர்ந்த நேரத்திலிருந்து இரண்டு முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு நிமிஷம் என்று வைத்துவிடுங்கள்.

இப்போது முக்கியமான சிக்கலுக்கு வருகிறேன். ஈவ் மாதிரி விளையாட்டாளர் சந்தையை நம்பி விட்டுவிட உங்களால் முடியாது. அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வாங்குகிறார்கள், விற்கிறார்கள். உங்களிடம் நூற்றுச் சொச்சம். காசுக்காரப் பையன் ஒருவன் மொத்தக் கனிமத்தையும் வாங்கி முடக்கிவிட்டு விலை சொல்லுவான். ஆகவே நிலையம் வாங்கத்தான் வேண்டும், ஆனால் நிரந்தர விலைக்கு வாங்கக் கூடாது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒவ்வொரு கனிமத்துக்கும் தனித் தேவை அளவு வையுங்கள். ஐம்பது டன் விற்கப்படும்போதெல்லாம் விலை ஒரு சதவீதம் இறங்கட்டும், அடிமட்ட விலை பாதி. பிறகு மணிக்கு மணி, இறங்கியதில் ஐந்து சதவீதம் ஏறட்டும். எண்களை உங்கள் லாக்கைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

எலீட் டேஞ்சரஸில் 2018 டிசம்பரில் கல்லைப் பிளந்து உள்ளே இருப்பதை எடுக்கும் சுரங்க முறை வந்தது. வாய்ட் ஓபல் என்ற ரத்தினக்கல் ஒரு டன் ஒரு மில்லியன் கிரெடிட்டைத் தாண்டி விற்றது. கிரெடிட் என்பது அந்தக் கேமின் காசு. மொத்தக் கூட்டமும் அதற்கே ஓடியது, மற்ற வேலைகளெல்லாம் பொழுதுபோக்காகிவிட்டன. கல்லைத் தேடி, வெடி வைத்துப் பிளக்கிற அந்த வேலை உண்மையில் சுவாரசியமானதுதான், அதைக் குறை சொல்லவே மாட்டேன். எவ்வளவு கொட்டினாலும் விலை போதுமான அளவுக்கு இறங்காததுதான் கோளாறு. விற்கிற டன்னுக்கு ஏற்ற மாதிரி விலையைக் கடுமையாக இறக்குவதைப் பிற்பாடுதான் செய்தார்கள்.

விலை இறங்குவதில் உங்களுக்கு இன்னொரு லாபம் இருக்கிறது, இதற்காகவே இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். பட்டைக்குப் பக்கத்து நிலையத்தில் விலை படுத்துக் கிடக்கிறது, நாலு தாவல் தள்ளி இன்னொரு நிலையத்தில் முழு விலை. இந்த வித்தியாசம்தான் சரக்குக்காரனின் பிழைப்பு. நீங்கள் அவனுக்கென்று தனியாக ஒரு வெள்ளி கூட ஒதுக்க வேண்டாம். சுரங்கக்காரர்கள் கூடக் கூட அவன் லாபம் தானாக ஏறும். அவன் போகிற பாதையில் கொள்ளைக்காரர்களை நிறுத்துங்கள்: எந்தப் பாதையில் சரக்கு அதிகம் போகிறதோ அங்கே அதிகம். பரிசுப்பணம் வேட்டைக்காரன் அங்கே வருவான், அவன் சுடச் சுடச் சரக்குக்காரனுக்கு வழி சுத்தமாகும். சுட்டுத் தள்ளிய இடத்தில் பரிசுப்பணம் கொஞ்ச நேரம் குறையட்டும், பக்கத்தில் கப்பல் இழப்பு நடந்தால் ஏறட்டும். ஈவில் 2020 கடைசியில் இதே மாதிரி பரிசுப்பணத்தை இடத்துக்கு இடம் ஏறி இறங்க வைத்தார்கள். ஸ்கேன்காரன் புதுப் பட்டையைக் கண்டுபிடித்தால் அந்த இடத்தைச் சுரங்கக்காரனுக்கு விற்கட்டும், கேம் வாங்க வேண்டாம். கிரகத் தகவலுக்கு மட்டும் நான் சொன்ன பாதி காசு, பாதி புள்ளி. இப்படி மாற்றினால் உங்கள் மூன்று அச்சகங்களில் இரண்டின் வேகம் குறையும். நான்கு வேலைக்காரர்களுக்கும் ஒருவரை ஒருவர் தேவைப்படும்.

ஏற்கெனவே எல்லார் கையிலும் குவிந்திருக்கிற பணத்தை என்ன செய்வது என்று கேட்பீர்கள். பையில் கை வைக்காதீர்கள். ஓட்டையில் ஏமாற்றிச் சம்பாதித்தவன் என்றால் வேறு விஷயம். நேர்மையாகத் தோண்டியவனிடம் பிடுங்கினால் அவனோடு அவன் கூட்டாளிகளும் போவார்கள். வாங்க ஆசைப்படுகிற பெரிய பொருளைக் கொண்டுவந்து வையுங்கள். எலீட்டில் 2020-இல் வந்த பெரிய தாய்க்கப்பல் 5 பில்லியன் கிரெடிட், அதற்கு மேல் வாராவாரம் பராமரிப்புச் செலவு. வாய்ட் ஓபலில் குவித்த ஆட்கள் சிரித்த முகத்தோடு வந்து கட்டினார்கள். சின்ன வடிகாலாக விற்பனை வரியும் வையுங்கள், இரண்டு மூன்று சதவீதம். நிலையத்தில் கப்பல் நிறுத்தக் கட்டணம் மட்டும் வேண்டாம், புதுசாக வந்த பையனைத்தான் அது முதலில் கடிக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும். முதலில் நிலையத் தேவை அளவு, பட்டை நிறையும் நேரம். இரண்டு வாரம் விட்டுப் பாதைக் கொள்ளைக்காரர்கள். பரிசுப்பணம் கடைசி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வாரம் முன்னால், ஏன் என்ற காரணத்தோடு சொல்லிவிடுங்கள். போன தடவை ஆட்கள் போனதற்கு வருமானக் குறைப்பு பாதிக் காரணம் என்றால், காலையில் எழுந்து பார்த்தால் விலை மாறியிருந்தது மீதிக் காரணமாக இருக்கும். லாக்கில் சராசரியைப் பார்க்காதீர்கள். நடுவில் இருக்கிற ஆள் எவ்வளவு சம்பாதிக்கிறான் என்று பாருங்கள். நாள் முழுக்க உட்காருகிற நான்கு பேர் சராசரியை எங்கேயோ தூக்கிவிடுவார்கள்.

அப்புறம், பேட்ச்சை வெள்ளிக்கிழமை ராத்திரி போடாதீர்கள். ஏதாவது ஓட்டை இருந்தால் நீங்கள் தூங்கி எழுவதற்குள் கண்டுபிடித்துச் சனி, ஞாயிறு முழுக்கக் கறந்துவிடுவார்கள். நான்கு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிற ஒரு செவ்வாய்க்கிழமை காலையாகப் பார்த்துப் போடுங்கள்.